காஸிப் என்ற சொல்லும் ஜெராக்ஸ் கடை அக்காவும்

எங்கள் தெருவில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால் புதன்கிழமை சாயங்காலம் ஜெபத்துக்குப் போனால் போதும்.

கத்தோலிக்கர்களுக்கு அன்பியம் என்றால் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பங்குக் கோயிலைச் சேர்ந்த குடும்பங்களைத் தெருவாரியாகப் பிரித்து, இருபது முப்பது வீடுகளை ஒரு கூட்டமாக்கி, வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கச் சொல்லியிருப்பார்கள். அதுதான் அன்பியம். எங்களுடையது சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து மாடம்பாக்கம் பக்கம் போகும் தெருக்கள். ஒரு பாட்டு, ஒரு வாசகம், கொஞ்சம் ஜெபமாலை, அப்புறம் மன்றாட்டு. ஒருவர் தன் வேண்டுதலைச் சத்தமாகச் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து, “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று பதில் சொல்வோம். கடைசியில் சுண்டலும் காபியும்.

விஷயமே இந்த மன்றாட்டில்தான் இருந்தது. அடுத்தவர் வீட்டு வம்பு பேசினால் பாவம். அடுத்தவருக்காக ஜெபித்தால் புண்ணியம். இந்த இரண்டுக்கும் நடுவே இருந்த சந்தில் எங்கள் அன்பியம் ஜம்மென்று வண்டி ஓட்டியது.

“நம்ம அன்பியத்துல ஒரு குடும்பத்துக்காக மன்றாடுவோம். பேரு வேணாம், ஆண்டவருக்குத் தெரியும். அந்த வீட்டு மூத்த பொண்ணு காலேஜுக்குப் போறேன்னு சொல்லிட்டு ஒரு பையனோட பஸ் ஸ்டாண்டுல நின்னுகினு கீது. அதுக்கு நல்ல புத்தி குடுக்கணும்னு ஆண்டவரை மன்றாடுகிறோம்.”

“ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்.”

பதில் சொல்லும்போதே அத்தனை தலையும் ஒரு மூலைக்குத் திரும்பும். அந்த மூலையில் இருக்கும் அம்மா அன்று சுண்டல் சாப்பிட மாட்டார்.

இந்தக் கலையில் கரை கண்டவர் எங்கள் பக்கத்துப் போர்ஷன் அக்கா. அப்போது அவருக்கு நாற்பது வயதிருக்கும். பிறந்து வளர்ந்தது பம்மல், வாக்கப்பட்டது இங்கே. வீட்டின் முன்பக்கத்தில் ஜெராக்ஸ் கடையும் ஒரு எஸ்.டி.டி. பூத்தும் வைத்திருந்தார். இரண்டாயிரம் பிறந்த புதிது. செல்போன் இன்னும் எல்லார் கைக்கும் வரவில்லை. ஊரில் பாதிப் பேர் அக்காவின் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றுதான் மாமியார் வீட்டோடு சண்டை போட்டார்கள். அந்தக் கூண்டின் கதவு முழுசாகச் சாத்தாது. சாத்த வைக்க அக்கா எந்த முயற்சியும் எடுக்கவில்லை. பூத்தில் காதுக்கு வந்தது பாதி, ஜெராக்ஸ் மெஷினில் கண்ணுக்கு வந்தது மீதி. ஜாதகம், மார்க் ஷீட், கோர்ட் நோட்டீஸ், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் அவர் கையைத் தாண்டித்தான் போகும்.

அந்த அக்கா இல்லாமல் நான் அந்த ஊரில் ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடித்திருக்க மாட்டேன். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு யாரையும் தெரியாது. ஒரு மெட்ரிக் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். கணவர் காலையில் எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்து கிண்டிக்குப் போனால் இருட்டித்தான் வருவார். நான் பள்ளியில் இருக்கும்போது தண்ணீர் லாரி வந்தால் என் குடங்களை வரிசையில் வைத்துப் பிடித்து வைப்பவர் அக்கா. “இன்னா டீச்சர், மூஞ்சே சரியில்ல?” என்று சாயங்காலம் கேட்க அந்த ஊரில் ஒரே ஒரு ஆள் இருந்தார், அவரும் அக்கா. அவருக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி மட்டும் அவர் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை.

கல்யாணமான மறு வருடம் எனக்கு நாள் தள்ளிப்போனது. “அஞ்சு மாசம் முடியிற வரைக்கும் மூச்சு விடாத” என்று மாமியார் திண்டிவனத்திலிருந்து போனில் சொன்னார். நானும் மூச்சு விடவில்லை. மூன்றாவது மாதம் கலைந்துவிட்டது. வந்ததே யாருக்கும் தெரியாததால் போனதும் யாருக்கும் தெரியவில்லை. காய்ச்சல் என்று பள்ளிக்கு இரண்டு நாள் லீவ் சொன்னேன். மூன்றாம் நாள் எட்டாம் வகுப்புக்கு ஆக்டிவ் வாய்ஸ், பாஸிவ் வாய்ஸ் நடத்தினேன். அக்காவிடமும் காய்ச்சல் என்றுதான் சொன்னேன். அவர் மிளகு ரசம் வைத்துக் கொண்டுவந்து தந்தார். அதைக் குடித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அடுத்த வருடம் மறுபடியும் உண்டானபோதும் அதே ரகசியம். ஆனால் என் கணவர் இருக்கிறாரே, அந்தப் புண்ணியவான், ஆபீஸில் மருத்துவச் செலவு கேட்டு எழுத ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்தார். எங்கே எடுத்தார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் புதன்கிழமை ஜெபம் எங்கள் தெருக்கோடி வீட்டில். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, கையைக் கூப்பிக்கொண்டு ஆரம்பித்தார்.

“நம்ம அன்பியத்துல ஒரு சகோதரிக்காக மன்றாடுவோம். பேரு வேணாம், ஆண்டவருக்குத் தெரியும். அது டீச்சர் வேல பாக்குது. ரெண்டு முடிஞ்சி மூணாவது மாசம் நடக்குது. சக்கரை நார்மல். ரத்தம் மட்டும் கொஞ்சம் கம்மியா கீது. அது நல்லபடியா பெத்துப் பொழைக்கணும்னு ஆண்டவரை மன்றாடுகிறோம்.”

அந்த அறையில் டீச்சர் என்று இருந்தவள் நான் ஒருத்திதான். பதில் ஜெபம் அன்றைக்கு மாதிரி அவ்வளவு சத்தமாக நான் கேட்டதே இல்லை.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். சுண்டலுக்குக்கூட நிற்காமல் எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் காலை கடை திறந்ததும் போய் நின்றேன்.

“நான் சொல்லச் சொன்னேனா அக்கா? என் வயித்துல இருக்கிறதை ஊருக்கெல்லாம் படிச்சுக் காட்ட நீங்க யாரு?”

“ஜெபம்தானே டீச்சர் பண்ணேன்...”

“இது ஜெபம் இல்ல. காஸிப்.”

“அப்டின்னா?”

“வம்பு. ஊர் வம்பு. வேலை வெட்டி இல்லாதவங்க பேசுற பேச்சு.”

அக்காவின் கை ஜெராக்ஸ் மெஷினின் மூடி மேல் இருந்தது. அதை மூடிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து நான் அவரோடு பேசவில்லை. ஒரு பக்கம் ஜெராக்ஸ் எடுக்க வேண்டுமென்றாலும் கேம்ப் ரோடு சிக்னல் வரை வெயிலில் நடந்தேன். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு.

ஆனால் சொன்னது சொன்னதுதானே. “ரத்தம் கம்மியாமே?” என்று பஸ் ஸ்டாப்பில் முன்பின் தெரியாத அம்மா ஒருவர் என் கையில் பீட்ரூட்டைத் திணித்தார். ஒரு வீட்டிலிருந்து முருங்கைக்கீரை வந்தது. எதிர் வீட்டு பாய் வீட்டம்மாவுக்கும் அன்பியத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அவரும் பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு வந்து நின்றார். நான் எல்லாரிடமும் எரிந்து விழுந்துகொண்டே எல்லாவற்றையும் தின்றேன்.

நான்காவது மாதம் அதுவும் தங்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்த அன்று சாயங்காலமே அவர்கள் வந்துவிட்டார்கள். அன்பியத்துப் பெண்கள் ஆறு பேர், ஏழாவதாக பாய் வீட்டம்மா தூக்குவாளியில் கஞ்சியோடு. யாரும் ஆறுதல் என்று பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஓர் அம்மா, “எனக்கும் மூத்தது தங்கல, டீச்சர். இருந்திருந்தா இப்ப இருபத்திரெண்டு வயசு” என்றார். இன்னொருவர், “எனக்கு ரெண்டு” என்றார். அந்த ஏழு பேரில் நான்கு பேருக்கு அப்படி ஒன்று இருந்தது. வருடக்கணக்காக அந்தத் தெருவில் எதிரெதிர் வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கே அது தெரியாது. அப்புறம் பேச்சு கேஸ் சிலிண்டருக்குப் போனது, யாரோ ஒருவரின் மருமகளுக்குப் போனது, அந்த மருமகள் வைத்த சாம்பாருக்குப் போனது. நான் என்னை அறியாமல் சிரித்தேன். போன வருடம் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதது நினைவுக்கு வந்தது. அதற்காகவும் சேர்த்து அன்றைக்கு அவர்கள் முன்னாலேயே அழுதேன்.

அக்கா மட்டும் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து மாமியார் வந்தார். நல்ல மனுஷிதான், என் மேல் உயிரையே வைத்திருந்தவர். ஆனால் நாம் கிறிஸ்தவர்கள், திருஷ்டி கிருஷ்டியெல்லாம் பார்க்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே மிளகாயைச் சுற்றிப் போடுகிறவர். வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்.

“பிள்ளை இல்லாதவ வாயில விழுந்தா எப்படித் தங்கும்? சொல்லிச் சொல்லியே கரைச்சுட்டா.”

நான் உள்ளே படுத்திருந்தேன். எனக்கு நன்றாகக் கேட்டது. அத்தை, அப்படிச் சொல்லாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உண்மையைச் சொல்வதென்றால் அந்த நிமிடத்தில் அது எனக்குக் கொஞ்சம் இதமாகக்கூட இருந்தது. பழி போட ஓர் ஆள் கிடைத்துவிட்டதே.

அதற்கப்புறம் அக்கா வாயை மூடிக்கொண்டார். புதன்கிழமை தவறாமல் வருவார். வாசலை ஒட்டிச் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்காருவார். பதிலுக்கு உதடு அசையும், சத்தம் வராது. மன்றாட்டு ஒன்றும் சொல்ல மாட்டார். ஒரு நாள் தச்சரைக் கூப்பிட்டு பூத்தின் கதவைச் சரிசெய்துவிட்டார். அது டப்பென்று அழகாகச் சாத்திக்கொண்டது. அந்தச் சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்போதெல்லாம் என்னவோ செய்தது.

அன்பியமும் சப்பென்று ஆகிவிட்டது. உலக சமாதானம், நல்ல மழை, திருத்தந்தையின் உடல்நலம் என்று மன்றாட்டெல்லாம் மிகவும் மரியாதையாக இருந்தது. மூன்றாவது தெருவில் தனியாக இருந்த ரிட்டயர்டு சார் ஒருவர் எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தார். ஒருவர்கூடப் போய்ப் பார்க்கவில்லை. யாருக்கும் தெரியாது. “ஏன், யாரும் சொல்லலையா?” என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். கேட்டுவிட்டு எல்லாரும் வாசல் பக்கம் பார்த்தோம்.

அந்தச் சமயத்தில் நான் அஞ்சல் வழியில் எம்.ஏ. இங்கிலீஷ் படித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போக தாம்பரம் ஸ்டேஷனில் ட்ரெயினுக்குக் காத்திருந்தபோது பாடப் புத்தகத்தைப் புரட்டினேன். அச்சு மங்கி, பாதிப் பக்கம் மை பூசிய புத்தகம். சொற்களின் பொருள் காலப்போக்கில் எப்படி மாறுகிறது என்று ஒரு பாடம். நம்மிடம் நாற்றம் இல்லையா, ஒரு காலத்தில் நறுமணமாக இருந்து இன்று மூக்கைப் பொத்த வைக்கிறதே, அந்த மாதிரி. அந்த வரிசையில் ஒரு சொல் கண்ணில் பட்டது. காஸிப்.

பழைய இங்கிலீஷில் அது காட்ஸிப். காட் என்றால் கடவுள், ஸிப் என்றால் உறவு. கடவுள் வழியாக வந்த உறவு. ஞானஸ்நானத்தில் குழந்தையைக் கையில் ஏந்தி நிற்கும் ஞானத்தாய்க்கும் ஞானத்தந்தைக்கும் அதுதான் பெயர். நம் குழந்தையை ஏந்தச் சொல்லி யாரைக் கூப்பிடுவோம்? மனசுக்கு நெருங்கியவர்களைத்தானே. அதனால் போகப்போக அந்தச் சொல் உற்ற தோழி என்று ஆனது. பிறகு பிரசவத்துக்குத் துணையாக வந்து உட்காரும் பெண்களுக்கெல்லாம் அதுவே பெயரானது. அந்த ஊரில் அந்தக் காலத்தில் பிரசவ அறைக்குள் ஆண்கள் வரக் கூடாது. ஜன்னலை மூடிக்கொண்டு, சூடாகக் குடிக்க எதையாவது காய்ச்சிக்கொண்டு, வலி கண்டவளைச் சுற்றி உட்கார்ந்து அந்தப் பெண்கள் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறார்கள். வேறென்ன செய்வார்கள்? வெளியே நின்ற ஆண்களுக்கு உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாது. தெரியாததால் அது உருப்படாத பேச்சு என்று முடிவு கட்டிவிட்டார்கள். இந்தக் கடைசி வரி புத்தகத்தில் இல்லை, என்னுடையது. ஆனால் புத்தகத்திலும் சொல்லின் கதை அப்படித்தான் இறங்கியது. முதலில் ஞானத்தாய், அப்புறம் தோழி, அப்புறம் பேச்சுக்காரி, கடைசியில் ஆளே காணாமல் போய் வெறும் வம்பு மட்டும் மிச்சம். கோயிலில் ஞானஸ்நானத் தொட்டியருகே பிறந்த சொல் குழாயடிக்கு வந்து சேர சில நூறு வருடம் ஆகியிருக்கிறது.

என் ட்ரெயின் வந்தது, நின்றது, போய்விட்டது. நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். கட்டிலைச் சுற்றி உட்கார்ந்த ஏழு பேரும் கண் முன்னால் வந்தார்கள். அவர்களை அங்கே உட்கார வைத்தது யாருடைய வாய் என்றும் தெரிந்தது. அந்தப் பாடத்தைப் படித்துத்தான் எனக்குப் புத்தி வந்தது என்று சொன்னால் பொய். புத்தி எப்போதோ வந்துவிட்டது. போய் நிற்க ஒரு சாக்கு இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

திரும்பி வந்து நேராகக் கடைக்குப் போனேன். “இந்தப் பக்கம் ஒரு காப்பி வேணும் அக்கா.”

பல மாதம் கழித்து நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. அவர் பக்கத்தைப் பார்க்காமலேயே காப்பி எடுத்து நீட்டினார். பழைய அக்காவாக இருந்தால் முழுசாகப் படித்துவிட்டுத்தான் தந்திருப்பார். நான் அந்தச் சொல்லின் கதையை முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். வகுப்பில்கூட அவ்வளவு அக்கறையாக நடத்தியிருக்க மாட்டேன்.

“அதெல்லாம் வெள்ளக்காரன் ஊரு கத டீச்சர். இங்க என் வாயி இன்னா வாயின்னு எல்லாருக்கும் தெரிஞ்சிபோச்சி.”

“அத்தை அன்னைக்கு அப்படிச் சொன்னப்ப நான் கேட்டுக்கிட்டு சும்மா படுத்திருந்தேன் அக்கா. அது தப்பு. மன்னிச்சிடுங்க.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீயும் அப்டிதான் நெனச்சியா?”

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் வரவில்லை. “ஒரு நாள் நெனச்சேன் அக்கா.”

“நானு தெனம் நெனச்சேன்” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “டீ குடிக்கிறியா?” என்று கேட்டார்.

டீ குடிக்கும்போது, அவர் மிளகு ரசம் கொண்டுவந்த அன்று எனக்கு வந்தது காய்ச்சல் இல்லை என்பதையும் சொன்னேன். பேச்சு வார்த்தை திரும்பியது, தண்ணீர்க் குடம் திரும்பியது. மன்றாட்டு மட்டும் திரும்பவில்லை. பூத் கதவும் அப்படியே டப்பென்று சாத்திக்கொண்டிருந்தது.

மறு வருடம் மூன்றாவது முறையாக உண்டானேன். இந்த முறை மாமியாருக்குக்கூடச் சொல்லவில்லை. முதலில் அக்காவிடம் போய்ச் சொன்னேன். சொல்லிவிட்டு, “புதன்கிழமை மன்றாட்டுல நீங்கதான் சொல்லணும்” என்றேன். அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

“ஐயோ, என் வாயால வேணாம் டீச்சர். உன் கால்ல வேணா வுழறேன். இதுனாச்சும் நல்லா இருக்கட்டும்.”

எவ்வளவு சொல்லியும் மசியவில்லை. சரி, நானே சொல்லிவிடுகிறேன் என்று வீராப்பாக முடிவு செய்தேன். அந்தப் புதன்கிழமை ஜெபம் எங்கள் வீட்டில். மன்றாட்டு நேரம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன்.

“நம்ம அன்பியத்துல ஒரு சகோதரிக்காக...”

அதற்கு மேல் வரவில்லை. முதலாவது, இரண்டாவது, எல்லாம் சேர்ந்து வந்து குறுக்கே நின்றுகொண்டது. மன்றாட்டு முடியாமல் பதில் சொல்ல முடியாதே. எல்லாரும் காத்திருந்தார்கள்.

வாசல் பக்கம், செருப்புகளுக்குப் பக்கத்திலிருந்து ஒரு செருமல் கேட்டது.

“பேரு வேணாம், ஆண்டவருக்குத் தெரியும்” என்றார் அக்கா. “மூணாவது மாசம் நடக்குது. வாந்தி இன்னும் நிக்கல, சோறு தண்ணி எறங்கல. ரெண்டு தபா பட்டுடுச்சி ஆண்டவரே. மொத தபா அது யாராண்டயும் சொல்லாம ஒண்டியா அழுதுது. ரெண்டாவது தபா நானு சொல்லிட்டேன். இந்த தபா எல்லாரும் சேந்து சொல்றோம். எங்க வாயப் பாக்காத, எங்க மனசப் பாரு. அதுக்கு ஒரு கொழந்தையக் குடுன்னு மன்றாடுகிறோம்.”

நாங்கள் சொன்ன பதிலில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது.

அதோடு நின்றாரா என்றால் இல்லை. மடை உடைந்துவிட்டது. அடுத்தடுத்து நான்கு மன்றாட்டு. ஒரு வீட்டுப் பாகப் பிரிவினை, ஒரு பையனின் அரியர்ஸ், ஒருவரின் மூல வியாதி, மேடவாக்கத்தில் ஃப்ளாட் வாங்கித் தண்ணீர் வராமல் தவிக்கும் ஒரு குடும்பம். மாதக்கணக்காக வயிற்றுக்குள் எப்படித்தான் வைத்திருந்தாரோ. கூட்டம் முடிவதற்குள் சுண்டல் ஆறிப்போனது. மறுநாள் பார்த்தேன், பூத் கதவுக்கு அடியில் ஒரு அட்டைத் துண்டு செருகியிருந்தது. கதவு மறுபடியும் முழுசாகச் சாத்தவில்லை.

ஐப்பசி மழையில் பெண் பிறந்தாள். ஞானத்தாயாகத் தன் மகள்தான் நிற்க வேண்டும் என்று மாமியார் சொன்னார். இந்த முறை நான் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து, “பக்கத்து வீட்டு அக்காதான் அத்தை” என்றேன். அவர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் தானாகவே ஜெராக்ஸ் கடைக்குப் போய், “பிள்ளைக்குச் சட்டை எடுத்தாச்சா? வெள்ளையில எடும்மா” என்று சொல்லிவிட்டு வந்தார். அதற்குமேல் அவரால் இறங்கி வர முடியாது. அக்காவும் அதற்குமேல் எதிர்பார்க்கவில்லை.

கோயிலில் அக்கா குழந்தையை ஏந்தி நின்றார். அத்தனை வருடத்தில் அவர் ஒரு குழந்தையை அவ்வளவு நேரம் கையில் வைத்திருந்து நான் பார்த்ததில்லை. முடிந்ததும் பதிவேட்டில் எழுத உபதேசியார் பேனாவை எடுத்தார்.

“ஞானத்தாய் பேர் சொல்லுங்க.”

ஊர்ப்பட்ட பேர் பேசிய வாய்க்குத் தன் பேர் வரவில்லை. அக்கா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதுகொண்டே நின்றார். உபதேசியார் மறுபடி கேட்டார். நான்தான் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அது இன்றைக்கும் அந்தப் பதிவேட்டில் என் மகளின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இங்கே பேர் வேண்டாம். ஆண்டவருக்குத் தெரியும்.